ஐரோப்பா நைட் ட்ரெயினை நம்பி ஏறலாமா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஸ்லீப்பர் ட்ரெயின்னாலே லேட்டு, கேன்சலுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வியன்னாலேருந்து ஹாம்பர்க் போகணும், ஆஸ்திரியா ரயில்வே ஓட்டுற நைட்ஜெட் ராத்திரி ரயில்ல புக் பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணுங்க. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவன் தூங்கி எழுந்து பையைத் தூக்கிட்டுப் போயிடுவான், நெட்ல ஒரு வரி ரிவ்யூ எழுத மாட்டான், ரெண்டு மணி நேரம் லேட்டானவன்தான் பெட்டில உக்காந்தே பக்கம் பக்கமா எழுதித் தள்ளுவான், நாம படிக்கிறது பூரா அதுதான். அதுக்காக லேட்டே ஆகாதுன்னு சொல்லல, ஆகும். ஆனா நடுராத்திரில ஏதோ ஒரு ஸ்டேஷன்ல சும்மா நிக்கிற மாதிரி டைம்டேபிள்லயே நேரத்தைச் சேர்த்துதான் போடுவாங்க, அதனால ராத்திரி விட்ட அரை மணி நேரத்தைப் பல தடவை விடியறதுக்குள்ள பிடிச்சிடும். காலைல இறங்கின கையோட இன்டர்வியூன்னா மட்டும் ஒரு நாள் முன்னாடியே போயிடுங்க.

கேள்வி: பெட்டியெல்லாம் பழசு, அதான் லேட்டாகுதுன்னு சொல்றாங்களே?

பதில்: பழைய பெட்டி நிறைய ஓடுது, உண்மைதான், ஆனா எல்லாப் பழியையும் அது தலைல போட முடியாது. தண்டவாள வேலை எல்லாம் ராத்திரிலதான் வைப்பாங்க, அப்போ சுத்து வழில விடுவாங்க, அந்த நேரத்துல சரக்கு ரயிலும் அதே பாதைலதான் போகும். அடுத்து எல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியால மேல ஓடுற கரண்ட் 15,000 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்), இத்தாலில பெரும்பாலும் 3,000 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்), அதனால ஒண்ணு எஞ்சினை மாத்தணும், இல்ல ரெண்டு கரண்ட்லயும் ஓடுற எஞ்சின் வேணும், டிரைவரும் மாறணும். இது போதாதுன்னு வெவ்வேற ஊர்லேருந்து வர்ற பெட்டிகளை சால்ஸ்பர்க், வில்லாக் மாதிரி ஸ்டேஷன்ல கழட்டி மாட்டுவாங்க. தூக்கத்துல ஒரு "டங்", லேசா ஒரு குலுக்கல், அப்புறம் ஏசி சத்தம்கூட நின்னு ஒரே அமைதி, பயப்படாதீங்க, எஞ்சினைக் கழட்டிருக்காங்க அவ்ளோதான். இதுல மியூனிக்லேருந்து வர்ற பாதி லேட்டுன்னா நேரத்துக்கு வந்த வியன்னா பாதியும் அதுக்காகக் காத்துக் கிடக்கும், யாரோ பண்ண லேட்டுக்கு நாம பலி.

கேள்வி: பாரிஸ்-வியன்னா ரயிலையே நிறுத்திட்டாங்களே, ஆளே ஏறலையா?

பதில்: அது காசு விஷயம். 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தினதும் 2025 டிசம்பரோட போச்சு. நடுவுல 2024ல பாதை வேலைக்காக ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரைக்கும் வேற ஓடல, அந்த மாதிரி நேரத்துலதான் ஜனங்களுக்கு நம்பிக்கை விட்டுப் போகுது.

கேள்வி: லேட்டானா காசு திரும்ப வருமா?

பதில்: ஐரோப்பிய யூனியன் விதிப்படி 60 நிமிஷத்துலேருந்து 119 நிமிஷம் வரைக்கும் லேட்னா டிக்கெட்ல 25 சதவீதம், 120 நிமிஷமோ அதுக்கு மேலயோன்னா 50. கடும் புயல், வெள்ளம்னா கிடைக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டாகும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா பயணத்தையே விட்டுட்டு முழுக் காசையும் கேட்கலாம்.

கேள்வி: ஸ்லீப்பர் கேபின் புக் பண்ணேன், அந்தப் பெட்டியே வரலைன்னு உட்கார்ற சீட்டு கொடுத்தாங்க. இது அடிக்கடி நடக்குமா?

பதில்: நடக்குது, என்னைக் கேட்டா லேட்டை விட இதுதான் பெரிய கொடுமை. பெட்டி ரிப்பேர்னா மாத்திவிட ஸ்பேர் பெட்டி கம்மி. அட்டெண்டன்ட்கிட்ட அங்கயே எழுதி வாங்கிக்கோங்க, டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வித்தியாசப் பணத்தைக் கேட்டு அனுப்புங்க. கிளம்புற அன்னிக்கு மெயிலையும் ஒரு தடவை பாத்துடுங்க, சில சமயம் முன்னாடியே சொல்லிடுவாங்க.

கேள்வி: தனியாப் போற பொண்ணு நான். ஆறு பேர் ஒரே அறைல படுக்கற கூஷெட் சேஃபா?

பதில்: உள்ளேருந்து பூட்டலாம்மா. புக் பண்ணும்போதே பெண்கள் மட்டும் இருக்கற கம்பார்ட்மெண்ட் இருக்கான்னு பாருங்க. 2023 கடைசிலேருந்து ஓடுற புது நைட்ஜெட்ல ஒரு ஆள் மட்டும் படுக்கற மினி கேபின் இருக்கு, இடம் குறுகல்தான், ஆனா கதவைச் சாத்திட்டா நீங்க மட்டும்தான்.

கேள்வி: காலைல 8க்கு வந்து சேரும், 11 மணிக்கு ஃபிளைட். போதுமா?

பதில்: வேண்டாம் சார். ரயில் டிக்கெட் தனி, ஃபிளைட் டிக்கெட் தனி, விட்டீங்கன்னா ரெண்டு பேருமே கையை விரிச்சுடுவாங்க. சாயங்கால ஃபிளைட்டா மாத்த முடியுமா பாருங்க.