விழுங்குவதில் என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பேச்சு, கேட்பியல் இளங்கலை இறுதியாண்டு மாணவி. ஆராய்ச்சிக்குப் போக ஆசை. பேராசிரியர் விழுங்கல் கோளாறுகளை எடுக்கச் சொல்கிறார். எனக்கு மொழியில்தான் ஈடுபாடு. விழுங்குவதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. வீட்டில் ‘திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்கிற படிப்புதானே’ என்கிறார்கள். இத்துறையில் ஸ்கோப் இருக்கிறதா? வெளிநாடு போவது நல்லதா?

கே.

அன்புள்ள கே,

ஸ்கோப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். இந்த வயதில் கேட்கிற கேள்வியா அது? வெளிநாட்டைப் பற்றி உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். வீட்டார் எந்தப் படிப்பையும் அப்படித்தான் சொல்வார்கள், விடுங்கள்.

ஆனால் ‘விழுங்குவதில் சிந்திக்க என்ன இருக்கிறது’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். சில மாதங்களாக எனக்கு இதே நினைப்பு.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் ‘தண்ணீர் கொடுக்கக் கூடாது’ என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். பொடி கலந்து கூழாக்கிய தண்ணீரைத்தான் கரண்டியில் தர வேண்டும். ஏன், எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. அவர் அதை வாயில் வாங்கி உதட்டோரம் வழியவிடுவார். இடது கையால் சொம்பைக் காட்டிக்கொண்டே இருப்பார். பெரியம்மா சேலைத் தலைப்பை நனைத்து உதட்டில் வைப்பார். பார்க்க வந்த சொந்தக்காரர்களோ தலையை அண்ணாத்திப் பிடித்துப் பால் ஊற்றப் பார்த்தார்கள். ஆளைக் கொல்ல இதைவிட எளிய வழி கிடையாது.

அப்புறம் உங்கள் துறைப் பெண் ஒருவர் வந்தார். உங்களைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். ஒரு விரலைத் தாடைக்கு அடியிலும் மற்ற விரல்களைத் தொண்டைமேலும் மெல்லப் பதித்தார். பெரியப்பாவின் முகத்தை வலப்பக்கம் திருப்பி, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்தார். குரல்வளை ஏறி இறங்குவதை விரலாலேயே பார்த்தார். பலவீனமான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து வழி அடைபட்டு, நல்ல பக்கமாகத் தண்ணீர் இறங்கும் என்றார். இதையெல்லாம் தேடிப் படிக்கப் போய்த்தான் ஜெரி லோகமனிடம் வந்து சேர்ந்தேன்.

லோகமன் (1942–2014) சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவரும் பேச்சிலிருந்து வந்தவர்தான். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோயாளிகள் 200 பேரின் பேச்சை அவர் ஆராய்ந்த கட்டுரை 1978-இல் வந்தது. பேசுகிற நாக்கும் குரல்நாணும்தானே விழுங்கவும் வேலை செய்கின்றன! தொண்டையில் நடப்பது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்: மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலேறுகிறது, மூச்சுவழி மூடுகிறது, உணவுக்குழாய் வாய் திறக்கிறது. ஒன்று பிந்தினாலும் சோறு நுரையீரலுக்குப் போகும். அதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்த்தார் லோகமன். நோயாளிக்குக் கொடுத்தது டம்ளர் டம்ளராக, எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கரைசல் இல்லை. சில மில்லிலிட்டர் திரவம், கொஞ்சம் கூழ், பேரியம் தடவிய ஒரு பிஸ்கட் துண்டு. அங்கேயே தலையைத் திருப்பச் சொல்லி, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, எது உதவுகிறது என்றும் பார்த்துவிடுவார். 1983-இல் இதையெல்லாம் நூலாக எழுதினார்.

நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். புரையேறுகிறவன் ஒருவகையில் தப்பித்தவன். இருமலே வராமல் சத்தமின்றித் தண்ணீர் உள்ளே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிலருகே நின்று பார்த்தால் தெரியாது, படத்தில்தான் தெரியும்.

இவ்வளவும் எல்லோரும் சொல்வார்கள். நான் அவரை மதிப்பது 2008-க்காக. மெல்லிய திரவம் மூச்சுவழிக்குப் போய்விடுகிற 711 பேர், டிமென்ஷியா என்கிற மறதிநோயோ பார்க்கின்சனோ உள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரேயில் மூன்று வழிகளைச் சோதித்தார்கள்: தாடையைத் தாழ்த்துவது, சற்றுக் கெட்டியான திரவம், தேன்போல் கெட்டியான திரவம். தாடை தாழ்த்துவது லோகமனே பல ஆண்டுகள் பரிந்துரைத்து வந்த முறை. அது மூன்றாவதாக வந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூன்றுமே பலிக்கவில்லை. முதல் ஆசிரியராகத் தன் பெயரைப் போட்டு அதை வெளியிட்டார்.

சரி, அப்படியானால் கெட்டித் தண்ணீர்தான் ஜெயித்ததா? அதே ஆண்டு வந்த அடுத்த கட்டுரையையும் படியுங்கள். 515 பேரைத் தாடை தாழ்த்துகிறவர்கள், கெட்டித் தண்ணீர் குடிக்கிறவர்கள் என்று பிரித்து, மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். நிமோனியா வருவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உடலில் நீர் வற்றியது தாடை தாழ்த்தியவர்களில் 2 சதவீதம், கெட்டித் தண்ணீர் குடித்தவர்களில் 6 சதவீதம். படத்தில் ஜெயித்தது, கட்டிலில் அப்படி ஜெயிக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும், சோதிக்காமலேயே சீட்டு எழுதி ஒட்டுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருமா வராதா? யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம் என்று ஆள் ஆளாகப் பார்க்காத சீட்டு அது. பெரியப்பா சொம்பைக் காட்டியது வெறும் அடம் என்று யார் முடிவு செய்தது?

நீங்கள் மொழியையே எடுங்கள், விழுங்கலை எடுங்கள், எனக்கென்ன. ஆனால் சிந்திக்க ஒன்றுமில்லை என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். நம் வீடுகளில் நோயாளிக்குக் கொடுப்பது அரிசிக் கஞ்சி. ஆற ஆற அது இறுகும். வாயில் எச்சில் பட்டால் மாவுச்சத்து உடைந்து இளகும். மெதுவாக விழுங்குகிற கிழவருக்கு, வாயில் நின்று நின்று தொண்டைக்குப் போகும் நேரத்தில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும்? உங்கள் கல்லூரியில் அளக்க வசதி இருந்தால் அளந்து பார்த்து எழுதுங்கள்.