பேனா மூட்டுல ஒரு பக்கம் மட்டும் இடைவெளி வருதா? மூலைமட்டத்த கீழ வச்சிட்டு இத பாருங்க

திருவாரூர் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. தஞ்சாவூர்ல வீணை செய்யுற இடத்துல பலாமரத் துண்டு கொஞ்சம் கிடைச்சுதாம், அதுல ஸ்லிம்லைன் கிட் (பித்தளை டியூப், ரிங், நிப் எல்லாம் செட்டா வர்ற மெல்லிசு பேனா சாமான்) போட்டு நாலு பேனா கடைஞ்சாராம், நாலுலயும் நடு ரிங் ஒரு பக்கம் ஒட்டி உக்காந்துருக்கு, மறுபக்கம் பிறை மாதிரி இடைவெளி. "மூலைமட்டம் வச்சு பாத்துதாண்ணே அறுத்தேன், டிஸ்க் சாண்டர்லயும் புடிச்சேன், அப்பறமும் ஏன் இப்புடி?"ங்குறாரு.

தம்பி, நீங்க மட்டம் பாத்தது மரத்தோட வெளிப்பக்கத்துக்கு. அந்த வெளிப்பக்கம் லேத்ல போட்டதும் சீவலா போயிடும், கடைசில மிச்சம் நிக்குறது உள்ள ஒட்டுன பித்தளை டியூப் மட்டுந்தான், முனை அதுக்குத்தான் 90 டிகிரில இருக்கணும். டியூபுக்கு ஓட்டை போடுற ஏழு எம்எம் டிரில் பிட் இருக்கே, அது பலாவுல நாரோட போக்குக்கு லேசா இழுத்துக்கிட்டு போவும், கண்ணுக்கே தெரியாது. ஓட்டை சாய்ஞ்சா டியூபும் சாய்ஞ்சுதான் ஒட்டும், அப்ப வெளிய எவ்வளவு கரெக்டா அறுத்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டுதான் நிக்கும்.

அதுக்குத்தான் பென் மில்னு ஒன்னு. நடுவுல ஒரு தண்டு, அது டியூபுக்குள்ள போவும், தண்டோட தலையில பல்லு வச்ச கட்டர். தண்டு டியூப புடிச்சுக்குறதால கட்டர் டியூபுக்கு நேர் மட்டமா மட்டுந்தான் சீவும். பிளாங்க, அதாவது கடையப் போற மரத்துண்ட, டியூப விட ரெண்டு மூணு எம்எம் நீளமா அறுத்துக்கங்க, டியூப் ரெண்டு பக்கமும் ஒரு எம்எம் உள்ள தள்ளி இருக்கட்டும். பசை நல்லா காஞ்சப்பறம் முனையில மார்க்கரால கிறுக்கிட்டு, டிரில்ல ஸ்லோவா ஓடவிட்டு லேசா அழுத்துங்க. கிறுக்கல் மொத்தமா போயி பித்தளை சுத்திவர மோதிரம் மாதிரி பளிச்னு தெரிஞ்சா அங்கயே நிறுத்திடணும். அரை மோதிரம்தான் தெரியுதுன்னா இன்னும் வேலை இருக்கு, முழுசா தெரிஞ்சப்பறமும் ஓட்டுனா டியூப் குட்டையாயிடும்.

இங்கதான் நிறைய பேரு ஏமாறுறது: டியூபுக்குள்ள பசை ஒழுகி காஞ்சிருந்தா தண்டு சாய்ஞ்சுதான் போவும், மில் இருந்தும் பிரயோஜனம் இல்ல. நான் ஒட்டுறதுக்கு முன்னாடி டியூப் வாய உருளைக்கிழங்கு துண்டுல ஒரு குத்து குத்தி அடைச்சுக்குவேன் (வீட்ல திட்டு விழும், அது வேற கதை), காஞ்சதும் குச்சியால தள்ளிட்டு உருண்டை அரத்தால உள்ள ஒரு சுத்து சுத்துனா போதும். பெரிய டியூப் கிட்டுன்னா தண்டு லொடலொடன்னு ஆடும், அதுக்கு ஏத்த ஸ்லீவ் (தண்டு மேல மாட்டுற உறை) போடாம ஓட்டாதீங்க.

பலா முனையில நார் பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா ரெண்டு சொட்டு தண்ணி மாதிரி இருக்குற சூப்பர் க்ளூ விட்டு காயவச்சு ஓட்டுங்க. நரசிங்கம்பேட்டையில நாதஸ்வரம் கடையுற ஆச்சா மரம் கிடைச்சாலும் கிடைக்கும் உங்களுக்கு, அது இரும்பு மாதிரி, மில்லோட பல்லு சீக்கிரம் மழுங்கிடும். மழுங்குன கட்டர் சீவாது, தேய்க்கும், முனை கருகும், மரம் விரிசல் விடும். டைமண்ட் அரத்தால ஒவ்வொரு பல்லுக்கும் நாலு இழுப்பு இழுத்துட்டு ஓட்டுங்க.

இடைவெளி பிறை மாதிரி இல்லாம சுத்திவர ஒரே அளவா இருந்தா அது மட்டத்துப் பிரச்சனையே இல்ல. பாலிஷுக்கு விட்ட சூப்பர் க்ளூ முனையில விளிம்பு கட்டியிருக்கும், இல்ல உள்ள பசை தடுத்து பார்ட் முழுசா எறங்கியிருக்காது. கண்ணாடி மேல உப்புத்தாள் வச்சு முனைய நேரா நிறுத்தி ரெண்டு தேய் தேய்ச்சா விளிம்பு போயிடும், அதுக்கு மேல தேய்ச்சா ஓரம் உருண்டுடும்.

இன்னொன்னு, ரேகை அழகா தெரியணும்னு குறுக்குவாட்டுல அறுத்த பிளாங்கா? நார் ஓடுற நீளவாட்டுல மரம் சுருங்குறது ரொம்ப கம்மி, நாருக்கு குறுக்குவாட்டுல நல்லாவே சுருங்கும், பித்தளை சுருங்காது. ஐப்பசி அடைமழையில ஈரத்தோட கடைஞ்சத சித்திரையில பாத்தா டியூப் எட்டிப்பாக்கும். அந்தத் துண்டுகள ஒரு கோடை பூரா நிழல்ல போட்டு வச்சுட்டு எடுங்க.

செஞ்ச நாலு பேனாவையும் தூக்கிப்போட வேணாம். உள்ளேர்ந்து கம்பி வச்சு தட்டி பார்ட்டுகள கழட்டுங்க, முனையில ஒரு சொட்டு க்ளூ, மில்ல கையாலயே சுத்தி பிறை போற வரைக்கும் சீவுங்க, மிஷின் வேணாம், பாலிஷ் உதிர்ந்துடும். நிப் பக்கத்து பேரல் இப்ப கொஞ்சம் குட்டை, அதனால திருகு பார்ட்ட (திருகுனா ரீஃபில வெளிய தள்ளி உள்ள இழுக்குற பாகம்) பழைய ஆழத்துக்கு அழுத்துனா ரீஃபில் உள்ள போவாம முனை வெளியவே நிக்கும். கொஞ்சமா அழுத்தி, ரீஃபில் போட்டு திருகிப் பாத்து, மறுபடி கொஞ்சம் அழுத்தி.. அப்புடியே போங்க.