வாயால சொன்னது போதும், எழுதிக் கொடுங்க தம்பி

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அம்மாவுக்குப் பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பினாங்க, மறுநாள் நிமோனியான்னு கண்டிக்கு ஏத்தினாங்க, முறைப்பாட்டை யாரும் கேட்கலைன்னு எழுதியிருந்தீங்க. வாசிக்கவே நெஞ்சு பதறுது தம்பி.

முறைப்பாட்டை முதல்ல பார்த்த ஆஸ்பத்திரியின் பணிப்பாளருக்கு எழுதுங்க, பிரதி நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரமா வைங்க. தமிழிலேயே எழுதுங்க, அது அரசியலமைப்பு தந்த உரிமை. தோட்டத்து ஆளுக்கு எழுதத் தெரியாதுன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. கோபத்தைவிட விவரம்தான் பேசும்: ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) துண்டில உள்ள திகதி, டொக்டர் பார்த்த நேரம், காய்ச்சல் அளந்தாங்களா, நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுப் பார்த்தாங்களா. கண்டியில் தந்த டயக்னோசிஸ் காட் (நோய் விவர அட்டை) போட்டோகொப்பியை இணைங்க. மூலத்தைக் கையைவிட்டுக் கொடுக்காதீங்க.

பதில் வரலைன்னா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு தகவல் அதிகாரியிடம் கேளுங்க. தகவலைத் தருவாங்களா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். டொக்டரின் நடத்தை பற்றின்னா இலங்கை மருத்துவ சபைக்குத் தனியா எழுதலாம்.

அம்மாவின் கிளினிக் நாளைத் தவறவிடாதீங்க. கடிதத்தைப் பெயர்களை மறைச்சு இங்க போடுங்க, திருத்தித் தாறேன்.