அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பின எழுத்தாளர்களுக்கு உண்மையிலேயே வாய்ப்பு மறுக்கப்படுகிறதா? திறமை இருந்தால் முன்னேறலாமே?

"திறமை இருந்தால் முன்னேறலாமே" என்று நீங்கள் கேட்பதைப் பார்த்தால், தொடரின் கதையை எழுத்தாளர்கள் கூடி உருவாக்கும் ‘எழுத்தாளர் அறை’ எதையும் நீங்கள் நேரில் கண்டதில்லை என்று நினைக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படியோர் அறையில் உதவியாளராக இருந்தவன் நான். எழுத்தாளர்கள் கூடிப் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்வது என் வேலை. அதனால் எந்த யோசனை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அங்கிருந்த ஒரே கறுப்பினப் பெண், ஸ்டாஃப் ரைட்டர் என்ற கடைநிலைப் பதவியில் இருந்தார். அது அவருக்கு மூன்றாவது தொடர். மூன்றிலும் அதே பதவி. கறுப்பினப் பாத்திரத்துக்கு வசனம் வேண்டுமென்றால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கதை சிக்கிக்கொண்டு நின்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கடைசி அத்தியாயத்தின் திருப்பத்தைக் காலையில் சொன்னவர் அவர்தான். மதியம் அதையே ஒரு மூத்தவர் சொன்னதும் அறையே பாராட்டியது. அத்தியாயமும் அந்த மூத்தவர் பெயரிலேயே வந்தது. என் குறிப்பில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பெண்ணின் சம்பளம் தொடரின் பட்ஜெட்டில் இல்லை. வாய்ப்புக் குறைந்த இனத்தவரை வேலைக்கு எடுக்க ஸ்டூடியோ நடத்தும் பன்முகத்தன்மைத் திட்டம் கொடுத்தது. அந்தத் தொழிலில் பலரும் அறிந்த ஏற்பாடு இது. தொடருக்கு அவர் இலவசம். அடுத்த பருவத்தில் பதவி உயர்வு கொடுத்தால் சொந்தப் பணத்தை எடுக்க வேண்டும் என்பதால், அவரை அனுப்பிவிட்டு அதே திட்டத்தில் வேறொரு புதியவரை எடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் நடத்தி எழுத்தாளர் சங்கம் புதிய ஒப்பந்தம் பெறும்வரை, ஸ்டாஃப் ரைட்டர் தானே எழுதிய அத்தியாயத்துக்குக்கூட வாரச் சம்பளம் மட்டும்தான். மேல்நிலை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் தனித்தொகை கிடையாது. அந்தப் படியிலேயே நிறுத்தப்பட்டவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று யோசியுங்கள்.

எல்லா அறைகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ‘கிரேஸ் அனாடமி’ தொடரை உருவாக்கிய கறுப்பினப் பெண் ஷோண்டா ரைம்ஸின் வெற்றியையும் மறுக்கவில்லை. உடனே அவர் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் 2016–17 பருவத்தின் 234 தொடர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் டார்னெல் ஹன்ட்டின் அறிக்கைப்படி, கறுப்பின எழுத்தாளர்கள் 4.8 சதவீதம் மட்டுமே. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குத் தொடர்களில் ஒருவர்கூட இல்லை. இதைத் திறமைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2017இல் நகைச்சுவை நடிகர் அஸீஸ் அன்சாரி, தன் ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரின் ஓர் அத்தியாயத்தை எழுதியதற்காக எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வென்றபோது, அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்று என் சொந்தக்காரர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். கொண்டாடட்டும். அந்த அத்தியாயத்தை அவரோடு சேர்ந்து எழுதி, அந்த விருதை அவரோடு பெற்றவர் லீனா வெய்த். நகைச்சுவைத் தொடர் எழுத்துக்காக எம்மி வென்ற முதல் கறுப்பினப் பெண். தன்பாலீர்ப்பைத் தாயிடம் சொன்ன அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை அது. எங்கள் குடும்பக் குழுவில் சுற்றிய புகைப்படத்தில் லீனாவை வெட்டிவிட்டிருந்தார்கள். முழுப் படத்தை நான் போட்டதும், "இந்தப் பெண் யார் தம்பி?" என்று பெரியப்பா கேட்டார். அவருடைய கதைக்குக் கிடைத்த விருதை அவரையே விட்டுவிட்டுக் கொண்டாடியதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.