செப்டம்பரில் எடுத்த மூன்று புள்ளிகள்

கேள்வி: கடைசி இடங்களில்தான் முடிக்கும் என்று எல்லோரும் கணித்த ஒரு சிறிய கால்பந்து அணி, முதல் ஒன்பது ஆட்டங்களில் பட்டியலின் உச்சிக்கு அருகே வந்துவிட்டால், அது நிலைக்குமா? "லெஸ்டர் சிட்டியைப் பார்க்கவில்லையா?" என்கிறேன் நான். "ஹல் சிட்டி கதைதான் ஆகும்" என்று சிரிக்கிறார் நண்பர். யார் பக்கம் நியாயம்?

பதில்: உங்கள் இருவரிடமும் ஒரே பிழைதான். புள்ளிப் பட்டியலைப் பார்த்து ஆளுக்கொரு ஆரூடம் சொல்கிறீர்கள். நீங்கள் பெயர் சொன்ன அந்த இரண்டு அணிகளையே எடுத்துக்கொள்வோம்.

2008இல் ஹல் சிட்டி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக இங்கிலாந்தின் முதல் நிலை லீகுக்கு வந்திருந்தது. ஒன்பது ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, ஒரே ஒரு தோல்வி. மொத்தம் 20 புள்ளிகள். ஆர்சனலையும் டாட்டன்ஹாமையும் அவர்கள் மைதானத்துக்கே போய் வென்றுவிட்டு வந்தது. 2015இல் லெஸ்டர் சிட்டி முதல் ஒன்பது ஆட்டங்களில் எடுத்ததோ 16தான். வெற்றி நான்கு, அடித்த கோல் 19, வாங்கிய கோல் 17. ஆர்சனலிடம் சொந்த மைதானத்திலேயே 2-5 என்று தோற்றிருந்தது. அணிப் பெயர்களை மறைத்து இந்த இரண்டு கணக்கையும் உங்கள் முன் வைத்து, எது சாம்பியன் ஆகும் என்று கேட்டிருந்தால், நீங்களும் நண்பரும் சேர்ந்தே ஹல்லைக் காட்டியிருப்பீர்கள். நானும் அதைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் அந்தந்த சீசன் முடிவில் சாம்பியன் ஆனது லெஸ்டர், சரிந்தது ஹல்.

ஆகவே ஒன்பதாவது ஆட்டத்தின் பட்டியல் எதையும் சொல்லாது. அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்பதுதான் ஏதாவது சொல்லும். ஹல்லின் ஆறு வெற்றிகளில் ஐந்து ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை. ஆர்சனலுக்கு எதிராக ஜியோவானி தொலைவிலிருந்து வளைத்து மேல் மூலையில் செருகிய கோல் அபாரமானது. டாட்டன்ஹாமை வீழ்த்தியது அவருடைய ஃப்ரீ கிக். அந்த இடங்களிலிருந்து அடிக்கும் பந்துகளில் மிகச் சிலவே வலைக்குள் போகும். தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் என்று நம்பி ஒரு சீசனைக் கட்ட முடியாது. இதற்கு நடுவே, அந்தப் பொற்காலத்திலேயே, சொந்த மைதானத்தில் விகனிடம் 0-5 என்று ஒரு தோல்வியும் இருந்தது. வெற்றி மயக்கத்தில் அதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். பிறகு வந்த 29 ஆட்டங்களில் ஹல் வென்றது இரண்டே இரண்டு. அடித்தது 25, வாங்கியது 53. ஜனவரியில் 50 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய ஜிம்மி புல்லார்டு முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டிசம்பர் 26 அன்று பயிற்சியாளர் ஃபில் பிரவுன் செய்ததைத்தான் முதலில் சொல்வார்கள். மான்செஸ்டர் சிட்டியிடம் 0-4 என்று பின்தங்கியிருந்தபோது, இடைவேளையில் வீரர்களை ஓய்வறைக்கு அனுப்பாமல் மைதானத்திலேயே, ரசிகர்கள் கண்ணெதிரே உட்காரவைத்துக் கடிந்துகொண்டார். அதனால்தான் அணி உடைந்தது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. பாதி ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கிய பிறகு நடந்தது அது. ஓட்டை அதற்கு முன்பே இருந்தது.

லெஸ்டரிடமும் அதே ஓட்டை இருந்தது. அங்கே அதை அடைத்தார்கள். ஆர்சனலிடம் ஐந்து கோல் வாங்கிய அடுத்த ஆட்டத்திலேயே பயிற்சியாளர் ரனியேரி இரு பக்கத் தற்காப்பு வீரர்களையும் மாற்றினார். சிம்ப்சனும் ஃபுக்ஸும் உள்ளே வந்தார்கள். பத்தாவது ஆட்டத்தில்தான் அந்த அணி முதல் முறையாகக் கோல் வாங்காமல் வெளியே வந்தது. முதல் 19 ஆட்டங்களில் 25 கோல் வாங்கிய அணி, அடுத்த 19 ஆட்டங்களில் வாங்கியது 11 மட்டுமே. கேப்டன் வெஸ் மோர்கன் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். முன்கள வீரர் வார்டி தொடர்ச்சியாகப் பதினொரு ஆட்டங்களில் கோல் அடித்ததை உலகம் நினைவு வைத்திருக்கிறது, சரிதான். ஆனால் வசந்த காலத்தில் ஆறு ஆட்டங்களுக்குள் ஐந்து முறை 1-0 என்று வென்றார்களே, பட்டம் அங்கேதான் கிடைத்தது. ஒரு கோல் வித்தியாசம் என்றாலே அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று. எதிரணியை நல்ல இடத்தில் பந்தைத் தொடவிடாமல் பெற்ற 1-0 வேறு. கோல்கீப்பர் எட்டு முறை பாய்ந்து காப்பாற்றிக் கொடுத்த 1-0 வேறு. பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சீசன் முழுக்க அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்கிறவர்களும் உண்டு. பிளாக்பூல் அவர்களுக்குச் சாதகம்: 2010-11இல் லிவர்பூலை இரண்டு முறையும் வென்ற அணி, 78 கோல் வாங்கி 39 புள்ளிகளுடன் கீழ் நிலை லீகுக்கு இறங்கியது. ஆனால் நார்விச் அணியை என்ன செய்வார்கள்? 1992-93இல் அது அடித்ததைவிட அதிகமாக வாங்கியது: 61க்கு 65. பிளாக்பர்னிடம் 1-7 என்று உதை வாங்கியது. முடித்த இடம் மூன்றாவது.

நிலைக்குமா என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதல் பெரிய தோல்விக்கு அடுத்த வாரம் பயிற்சியாளர் என்ன மாற்றுகிறார் என்று பாருங்கள். முக்கிய வீரர் இருவர் காயம்பட்ட வாரத்தில் அவர்கள் இடத்தில் இறங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். சீசனின் இரண்டாம் பாதியில் அதே எதிரணிகள் இவர்களைப் படித்துவிட்டு வருவார்கள். பின்னால் ஒதுங்கி, இவர்கள் ஓடிப் பழகிய வெற்றிடத்தைக் கொடுக்க மாட்டார்கள். அப்போது இவர்களிடம் வேறு வழி இருக்கிறதா? லெஸ்டருக்கு ஐரோப்பியப் போட்டிகள் இல்லை, வாரத்தின் நடுவே பயணக் களைப்பு இல்லை. அந்தச் சலுகை உங்கள் அணிக்கும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் ஒன்பது ஆட்டங்களுக்குள் தெரியாது. பதினைந்தாவது ஆட்டம் வரை வாயைக் கட்டிப்போடுங்கள் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நண்பரின் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நிலைக்காது" என்று சொல்ல எந்த ஞானமும் வேண்டாம். எந்தச் சிறிய அணியைப் பற்றியும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பத்துக்கு எட்டு முறை பலித்துவிடும். பலித்ததும் தனக்கு ஆட்டம் தெரியும் என்று நினைத்துக்கொள்வது அந்த அணிக்காகத் தொண்டை வறளக் கத்தியவனுக்குச் செய்யும் அவமரியாதை.

அதிலும் ஹல்லைப் போய் உதாரணமாக எடுத்தாரே! 2009 மே 24, கடைசி நாள். ஹல் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-1 என்று தோற்றது. அதே நேரத்தில் நியூகாசில், ஆஸ்டன் வில்லாவிடம் 0-1 என்று தோற்றது. ஹல் 35 புள்ளி, நியூகாசில் 34. ஹல் லீகில் தங்கியது, நியூகாசில் இறங்கியது. அந்த 35இல் 20, முதல் ஒன்பது ஆட்டங்களில் வந்தவை. அவற்றில் மூன்று, செப்டம்பரில் நியூகாசிலின் மைதானத்திலேயே 2-1 என்று வென்று எடுத்தவை. அன்று அந்த ஆட்டம் டிராவாகியிருந்தால், ஹல் 33, நியூகாசில் 35. இந்தக் கணக்கை உங்கள் நண்பரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.