"பணம் சும்மாதானே கிடக்குது?"

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நாலு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறோம். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று வந்து குழந்தை எங்களிடம் வந்துவிட்டாள். கலெக்டர் உத்தரவு, பாஸ்போர்ட், விசா பாக்கி. கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் சம்பளமில்லா விடுப்பில் கோத்தகிரியில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். சூட்கேஸ் ஹாலிலேயே நிற்கிறது. குழந்தை தினமும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து 'ஏரோப்ளேன்' ஓட்டுகிறாள். தத்தெடுப்புக்கென்று 15 லட்சம் வைத்திருந்தோம். தேதி தள்ளிப்போனபோது, பணம் சும்மாதானே கிடக்கிறது என்று, இங்கே தேயிலைத் தோட்டமும் காட்டேஜும் வைத்திருக்கும் மச்சாண்டாருக்கு மூன்று தடவையாக 6 லட்சம் கொடுத்தேன். இப்போது நகையை அடகு வைத்து 4 லட்சம் வாங்கியிருக்கிறேன். பக்கத்து அரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை என் பெயரிலேயே வாங்கி காட்டேஜ் போடலாம், அமெரிக்காவில் 8 லட்சத்துக்கு பர்சனல் லோன் எடு என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் அந்த லோனைவிட எனக்கு உறுத்துவது, உங்கள் கடிதத்தில் வரும் 'சும்மாதானே கிடக்கிறது' என்ற வார்த்தைதான்.

கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் திருத்தம், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மச்சாண்டாரின் காட்டேஜ் கூரைக்கு இரண்டரை லட்சம் போனது. உத்தரவு அடுத்த மாதம் என்றார்கள்; தண்ணீர்த் தொட்டிக்கும் பெயின்ட்டுக்கும் 2 லட்சம். அப்புறம் இலை பறிப்புக் கூலிக்கு ஒன்றரை. தேதி தள்ளினால் உங்கள் செலவு கூடும். நீங்களோ தேதி தள்ளும்போதெல்லாம் கையிருப்பைக் குறைத்திருக்கிறீர்கள். காத்திருக்கும் பணம் சும்மா இருக்கும் பணம் அல்ல, சகோதரி. அதன் வேலையே காத்திருப்பதுதான்.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 15 லட்சத்தில் ஏஜென்சிக் கட்டணம், பயணம் என்று 6 செலவு, மச்சாண்டாருக்கு 6, மீதி 3. இனி வேண்டியது: மாதம் 45,000 வீதம் நாலு மாதத்துக்கு 1.8 லட்சம். கணவர் வந்து மூன்று பேருமாகத் திரும்ப டிக்கெட் 4 லட்சம் என்கிறீர்கள். ஆக, கிட்டத்தட்ட 6. துண்டு விழுந்தது 3 லட்சம், அதற்காக 4 லட்சத்துக்கு நகை உள்ளே போயிற்று. ஒன்றரை ரூபாய் வட்டிக்கு மாதம் 6,000. அந்த 6 லட்சம் இருந்திருந்தால் இன்று கையில் 9 லட்சம், அடகே தேவையில்லை. மச்சாண்டார் வட்டியில்லாமல் வாங்கினார், வட்டியை உங்கள் ஆரமும் வளையலும் கட்டுகின்றன.

தோட்ட விஷயத்துக்கு வருவோம். 'உன் பெயரிலேயே' என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வாழ் இந்தியரோ ஓசிஐ அட்டைதாரரோ இங்கே விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க அனுமதி இல்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே பத்திரம் அவர் பெயரில் இருக்கும், தவணை உங்கள் பெயரில் ஓடும். அவர் சொல்லும் காட்டேஜ் வருமானக் கணக்கு சீசனில் எல்லா அறையும் நிரம்பும் என்று போட்டதுபோல் தெரிகிறது. நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 என்று உயர்நீதிமன்றமே வரம்பு வைத்தது. அந்தக் கணக்கில் இதைச் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்களிடம் இப்போது இருக்கும் 7 லட்சத்தில், என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கான கணக்கு) உள்ள 3 லட்சத்தைக் கணவரின் அமெரிக்கக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். தடையில்லாமல் போகும். டிக்கெட்டை அங்கிருந்துதானே எடுக்கப்போகிறார்? அடகுப் பணத்தில் மாதம் 45,000 மட்டும் உங்கள் செலவுக் கணக்குக்கு வரட்டும், மீதி மாமியார் பெயரில் டெபாசிட்டாக இருக்கட்டும். மச்சாண்டார் மறுபடி கேட்டால் 'கையில் இல்லை' என்று சொன்னால் பொய்யாக இருக்காது.

6 லட்சத்தை மொத்தமாகத் திருப்பிக் கேட்டால் வீட்டில் முகம் சுளிப்புதான் மிஞ்சும். நகைக் கடனை அவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். மாதம் 6,000 வட்டியை இந்த மாதத்திலிருந்து அவர் கட்டுவது, வருகிற சீசன் முடிந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பது. மாமியாரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடகுச் சீட்டு மாமியார் பெயரில்தானே இருக்கிறது? மீதி 2 லட்சத்துக்கு ஒரு தாள் எழுதி வாங்குங்கள். அது திரும்பி வந்தால் உள்ளூர்ப் பணத்துக்கான என்ஆர்ஓ கணக்கில் போடச் சொல்லுங்கள், என்ஆர்இ-யில் உள்ளூர்ப் பணம் ஏறாது.

'கொஞ்சம் தள்ளினால் உத்தரவு சீக்கிரம் வரும்' என்று யாரோ சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பரிலிருந்து இந்த உத்தரவு நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் வந்துவிட்டது, 'கோர்ட்டில் ஆள் இருக்கிறது' என்பவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

வங்கி மேலாளர் காட்டிய 'குழந்தை எதிர்காலத் திட்டம்' என்ற யூலிப்பை (முதலீடும் காப்பீடும் சேர்ந்த பாலிசி) அப்படியே மடித்து வைத்துவிடுங்கள். அமெரிக்க வரி கட்டுபவருக்கு இங்குள்ள மியூச்சுவல் ஃபண்டும் யூலிப்பும் ஆண்டுதோறும் படிவத் தலைவலி. இந்தியக் கணக்குகளில் மொத்த இருப்பு ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அங்கே எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் 15 லட்சம் தாண்டியிருக்கும், கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் தத்தெடுப்புக்கு வரிச் சலுகை இருக்கிறது, 2025ஆம் ஆண்டுக்கு உச்சவரம்பு 17,280 டாலர். வெளிநாட்டுக் குழந்தை என்றால் தத்து முழுமையான ஆண்டில்தான் கேட்க முடியும், அதனால் இப்போது அதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். ஏஜென்சிக் கட்டணத்தோடு பயணம், வெளியூரில் தங்கல், சாப்பாடு எல்லாம் இதில் சேரும். கோயம்புத்தூர் டாக்சி ரசீதுகூட வேண்டும். எல்லாவற்றையும் அந்த சூட்கேஸின் முன்பக்க ஜிப்பில் போட்டு வையுங்கள், பைலட் அம்மா மேலே ஏறி உட்கார்ந்தாலும் கசங்காது.