வாசகர் கேள்வி – பதில்: பள்ளி வாசலில் அரை மணி நேரம்

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கொல்லம் சாலையை ஒட்டி இருக்கிறது. 'பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையை எந்த லாரியும் மதிப்பதாகத் தெரியவில்லை. வாசலுக்கு இருபுறமும் வேகத்தடை கேட்டு மனுக் கொடுக்க இருக்கிறோம். பலன் கிடைக்குமா?
– ஒரு தாய், செங்கோட்டை

பதில்: மனுக் கொடுங்கள், அம்மா, ஆனால் கேட்பதைச் சற்று மாற்றிக் கேளுங்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் அந்தச் சாலை 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவதற்குப் பொதுவாக அனுமதி தருவதில்லை. மிஞ்சிப்போனால் சக்கரத்தைத் தடதடக்க வைக்கும் பட்டைகள் போடுவார்கள். வேகத்தடையை மட்டும் கேட்டால், 'விதியில் இடமில்லை' என்ற ஒற்றை வரிப் பதிலோடு மனு திரும்பிவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியவை வேகமும் நேரமும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் குழந்தையைக் கண்ட நொடியிலிருந்து நிற்பதற்குள் ஏறத்தாழ 13 மீட்டர் ஓடிவிடும், 50 கி.மீ. வேகம் என்றால் அது 28 மீட்டர் ஆகிவிடும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதைவிடக் கூடுதல். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கி.மீ. வரம்பை வலியுறுத்தியிருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, நமக்கு அண்டை வீட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் பல மாவட்டங்களில் பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் டிப்பர் லாரிகள் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. எம்-சாண்டும் பாறைக்கல்லும் ஏற்றிப் புளியரை வழியாக மலையேறும் வண்டி, எல்லைக்கு அப்பால் எப்படியும் ஓரங்கட்டி நிற்கத்தான் போகிறது என்றால், அந்த அரை மணி நேரத்தில் நம் பிள்ளைகளின் வாசலை எதற்காகக் கடக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வண்டிகளைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்தவருக்கும் கொடுக்கிறது. அதிலேயே நமக்கு உதவும் ஒரு வாசகமும் உள்ளது: தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். ஆகவே ஒரு மாத வெள்ளோட்டமாகக் கேளுங்கள். நிரந்தர உத்தரவுக்குத் தயங்கும் அதிகாரியும் ஒரு மாதத்துக்கு இசையக்கூடும்.

கேள்வி: வெளிநாடுகளில் பள்ளி இருக்கும் தெருவையே மூடிவிடுகிறார்களாமே? நம் ஊரில் அது நடக்கிற காரியமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: நாள் முழுவதும் மூடுவதாக நினைத்துக்கொண்டால் நடக்காத காரியமாகத்தான் தோன்றும். இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-இல் இதைத் தொடங்கியபோது, பள்ளி கூடும்போதும் விடும்போதும் சிறிது நேரம் மட்டுமே தெருவை அடைத்தது. லண்டனில் இன்று இப்படி 500-க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்கள் உள்ளன. பாரிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பல தெருக்களை நிரந்தரமாக நடப்பவர்களுக்கே விட்டு, தார் இருந்த இடத்தில் மரமும் செடியும் வைத்திருக்கிறது. மேலும் 500 தெருக்களை அவ்வாறு மாற்றலாமா என்று 2025 மார்ச்சில் நகர மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தனர். வாக்களிக்க வந்தவர்கள் மிகச் சிலரே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நெடுஞ்சாலையை மூட முடியாது. பள்ளியின் பக்கத்திலுள்ள சந்துத் தெருவை மூடலாம். தேரோட்டத்துக்கு ரத வீதியை மூடும்போது நம்மில் யாரும் முணுமுணுப்பதில்லை; அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் மாற்றுவழி தெரிந்துவிடுகிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழிவிட்டு, மற்ற வண்டிகளை அரை மணி நேரம் தெருமுனையில் நிறுத்தச் சொல்வது அதைவிட எளிது.

ஆனால் எதிர்ப்பு லாரிக்காரர்களிடமிருந்து வராது, நம்மிடமிருந்துதான் வரும். சென்ற சாரல் காலத்தில் ஒரு மாலை, எல்லையோர ஊர் ஒன்றின் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். மணி அடிப்பதற்குக் கால் மணி முன்பே பெற்றோரின் இருசக்கர வண்டிகள் மூன்று வரிசையாக வாசலை அடைத்துக்கொண்டன. பக்கவாட்டில் புத்தகப் பைகளைத் தொங்கவிட்ட ஆட்டோக்கள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சிறுமிக்கு, சேறு தேங்கிய ஓரத்திலும் இடமில்லை, வண்டிகளுக்கு இடையிலும் வழியில்லை. சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கித்தான் அவளால் நடக்க முடிந்தது. எதிரே வந்த பேருந்து ஓட்டுநருக்கு அவளுடைய குடையின் மேற்பகுதி மட்டுமே தெரிந்திருக்கும். அந்த வாசலை அடைத்திருந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வந்தவரல்லர். தம் பிள்ளை நனையக்கூடாது என்று வந்தவர்கள்.

எனவே, நகராட்சியை அணுகுவதற்கு முன் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, 200 மீட்டர் தள்ளி ஓர் இடத்தை இறக்கிவிடும் இடமாக முடிவு செய்யுங்கள். தடுப்பை வைத்து எடுக்கும் பொறுப்பைப் பெரியவர்களே முறைவைத்து ஏற்க வேண்டும். சாலைப் பாதுகாப்புப் படையில் இருக்கும் மாணவர்கள் அவர்களுடன் நிற்கட்டும். மாணவர்களைத் தனியாகச் சாலையில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஸ்கூட்டரை நன்றாக ஓட்டுகிறான். பள்ளிக்கு அதிலேயே அனுப்பலாமா?
– ஒரு தந்தை, வடகரை

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பையன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி நிழல் மரம் வைக்க ஊர் இளைஞர்கள் முன்வந்திருக்கிறோம். விரைவாக வளரும் மரமாக எதை வைக்கலாம்?
– இளைஞர் மன்றத்தினர், புளியரை

பதில்: விரைவை மறந்துவிடுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குல்மோகர் எனப்படும் செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் சீக்கிரம் நிழல் தரும். அதே சீக்கிரத்தில் கிளை முறியும், முறிந்த கிளை பிள்ளைகள் நிற்கும் இடத்தில்தான் விழும். புங்கை, வேம்பு, மகிழம் ஆகியவற்றை வையுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே வைத்தால், ஒவ்வொரு ஆண்டும் மின்வாரியத்தார் வந்து தலையை வெட்டிவிட்டுப் போவார்கள்.

மரத்துக்கும் நடைபாதைக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இந்தியச் சாலைக் கூட்டமைப்பின் (Indian Roads Congress) 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அந்த அகலத்தை விட்டு, சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே மரத்தை வைத்தால், நிழலோடு தடுப்பும் கிடைக்கும். வண்டிகள் நடைபாதையில் ஏறி நிற்பதும் குறையும். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் பூச விடாதீர்கள்.

சாரல் தொடங்கியதும் நடுங்கள். ஐப்பசி மழையையும் வாங்கிக்கொண்டால், முதல் கோடைக்குள் வேர் பிடித்திருக்கும். மாசியிலிருந்து வைகாசி வரை வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று, குழி வெட்டுவதற்கு முன்பே பெயர் எழுதி வைத்துவிடுங்கள். பள்ளி விடுமுறையும் அந்த மாதங்களில்தான் வருகிறது.